ஏக்கத்துக்கு எந்தக் கட்டம்?

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் படிவத்தில் ஒரு செவிலியர் பூஜ்யம் என்று எழுதினார். அந்தப் பூஜ்யத்தில் எனக்கும் பங்கு உண்டு. வருடங்கள் பல ஆகியும் அந்தத் தாள் என் கண்முன் நிற்கிறது: நீல மை, அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.

நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைகளிலும் தற்காலிக முகாம்களிலும், தமிழ் மட்டுமே பேசும் குடும்பங்களுக்கும் தமிழ் தெரியாத மருத்துவர்களுக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவது என் வேலை. மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால், இக்கட்டில் இருக்கும் குழந்தைகளிடம் கேட்கப்படும் மனநலக் கேள்விகளைப் பதினான்கு வருடங்களாக என் வாயால் கேட்டு வருகிறேன். ஸ்கிரீனிங் என்று எல்லோரும் சொல்லும் அந்த முதற்கட்டச் சோதனையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இங்கே வரும் பிள்ளைகளின் வயதையும் சூழலையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அந்தச் சிறுமி வெள்ளத்துக்குப் பிறகு பாட்டியோடும் தம்பியோடும் முகாமுக்கு வந்தவள். தாய் காயம்பட்டு வேறோர் ஊரின் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாவது நாள். கூடத்தின் ஒரு மூலையில் திரைச்சீலை கட்டி, அதன் பின்னால் செவிலியரும் நானும். என் கையில் ஏற்கெனவே தமிழில் அச்சிட்ட படிவம். யார் மொழிபெயர்த்தார்கள் என்று தெரியாது. எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட கட்டளை. வாசித்தேன்.

"உங்களுக்கு அடிக்கடி நரம்புத் தளர்ச்சி ஏற்படுகிறதா?"

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இல்லை அக்கா, எனக்குக் கையெல்லாம் நன்றாக இருக்கிறது" என்றாள்.

"இரவில் தூக்கம் வருவதில்லையா?"

"இல்லை."

இப்படியே பத்துக் கேள்விகள். பத்துக்கும் 'இல்லை'. செவிலியர் கூட்டிப் பார்த்து, வட்டம் போட்டு, அடுத்த பிள்ளையை அழைக்கச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்கு ஏக்கம் பிடித்துவிட்டது அம்மா. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. சாப்பாடு இறங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்."

நான் அதைச் செவிலியரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. 'தாயை நினைத்து வருத்தமாக இருக்கிறாளாம்' என்று சொன்னேன். அவர் கனிவாகத் தலையசைத்தார். வருந்துவது இயல்புதானே என்றார். ஏக்கம் என்பது வருத்தம் இல்லை. உடம்பில் இறங்கிவிட்ட பிரிவு அது; குழந்தையைக் காய்ச்சலில் தள்ளும், மெலியவைக்கும் என்று தமிழ் பேசும் எந்தப் பாட்டிக்கும் தெரியும். பாட்டி ஒரு நோயின் பெயரைச் சொன்னார். நான் அதை ஓர் உணர்ச்சியாகச் சுருக்கிக் கொடுத்தேன். படிவத்திலோ அதற்குக் கட்டமே இல்லை.

அன்றிரவு படுத்தபின்தான் அந்த 'இல்லை' என்னை எழுப்பியது. "தூக்கம் வருவதில்லையா?" என்று கேட்டால், தமிழில் "இல்லை" என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். 'அப்படி ஒன்றும் இல்லை, தூங்குகிறேன்' என்றும் இருக்கலாம். 'இல்லை, வருவதே இல்லை' என்றும் இருக்கலாம். எதிர்மறையில் கேட்ட கேள்விகள் அந்தப் படிவத்தில் மூன்று. மூன்றுக்கும் அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் திரும்பக் கேட்கப் போனபோது அவர்களை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.

இரண்டு வாரத்தில் அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. கவனித்தது முகாம் பள்ளியில் பாடம் சொல்லித்தந்த ஓர் ஆசிரியை. அவர் எந்தப் படிவத்தையும் நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்டாராம். தாய் உயிரோடு இருக்கிறார் என்று பெரியவர்கள் சொன்னதை அந்தப் பிள்ளை நம்பவே இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்திருந்தாள். தாயோடு தொலைபேசியில் பேச வைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது. முறையான சிகிச்சையும் பிறகு தேவைப்பட்டது, கிடைத்தது.

நரம்புத் தளர்ச்சிக்கு வருகிறேன். ஆங்கிலப் படிவத்தில் இருந்தது 'நெர்வஸ்' என்ற சொல். அதன் இடத்தில் யாரோ அகராதியைப் பார்த்து நரம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன வாசனை என்பது சுவரொட்டி விளம்பரங்களைப் படித்த எல்லோருக்கும் தெரியும்; அதைக் குழந்தையிடம் கேட்பதே தவறு. பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். பதினொரு வயதுக்கு அதுகூடக் கனமான சொல். 'வயிற்றைக் கலக்குகிறதா', 'நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா' என்று கேட்டிருந்தால் உடனே புரிந்திருக்கும். 'உங்களுக்கு' என்ற மரியாதைப் பன்மையும் தொல்லைதான். பெரியவர் ஒருவர் குழந்தையை 'நீங்கள்' என்றால் அந்தக் குழந்தை தன் வீட்டாரையும் சேர்த்துக் கேட்பதாக எண்ணிக்கொள்கிறது. "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்றதற்கு, "பாட்டிக்குத்தான் பயம்" என்று பதில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய படிவங்களைச் சரிபார்க்க ஒரு பழைய முறை உண்டு. ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரையால் பரவலான முறை இது. நல்ல முறைதான். ஆனால் நரம்புத் தளர்ச்சி இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும்! அகராதி வழியே போன சொல் அதே அகராதி வழியே அழகாகத் திரும்பி வந்துவிடும். நடுவில் குழந்தை இல்லாததால் பிழை தெரியாது. நேபாளத்தில் இருந்த பூட்டான் அகதிகளுக்காகக் கேள்வித்தாள்களைத் தயாரித்தபோது மார்க் வான் ஓமரனும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அது புரிகிறதா, கேட்கத் தக்கதா, அந்த வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா, மூலத்தின் பொருள் முழுதாக வந்திருக்கிறதா என்று தனித்தனியாக, அந்த மக்களிடமே கேட்டுப் பார்ப்பது. நான் இப்போது வேலை செய்யும் எந்தப் படிவத்திலும் இந்த நான்கையும் கேட்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

சொல்லைச் சரிசெய்துவிட்டால் போதுமா என்றால், இல்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவ மானிடவியலாளர் 1977இலேயே எச்சரித்திருக்கிறார். ஒரு சமூகத்தில் உருவான நோய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு சமூகத்துக்குப் போனால், அந்தப் பெட்டிக்குள் போடக்கூடிய ஆட்கள் சிலர் அங்கேயும் கிடைப்பார்கள். ஆட்கள் கிடைத்ததாலேயே அந்தப் பெட்டி அங்கே பொருந்தும் என்று ஆகிவிடாது. பெட்டிக்கு வெளியே நிற்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். என் பாட்டி சொன்ன ஏக்கம் அப்படி வெளியே நின்ற ஒன்று. (என் பாட்டி என்றே எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.)

வேறு வழியில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். வடக்கு உகாண்டாவில், போரால் வீடிழந்தவர்களின் முகாம்களில், தெரேசா பெட்டன்கோர்ட், பால் போல்டன் ஆகியோரின் குழு படிவத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் அங்கிருந்த அச்சோலி மக்களிடம் பேசியது. இங்கே பிள்ளைகளுக்கு என்னென்ன தொல்லைகள் வருகின்றன, அவற்றை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த விடைகள் எல்லாம் அச்சோலிச் சொற்கள். மனச்சோர்வுக்கு அருகில் வருபவை மூன்று: 'டூ டாம்', 'குமு', 'பார்'. பதற்றத்துக்கு அருகில் 'மா ல்வோர்'. அடங்காமல் திரிவதற்கு 'க்வோ மராசோ'. இந்தச் சொற்களின் அடியில் மக்கள் சொன்ன அறிகுறிகளையே கேள்விகளாக்கி ஒரு படிவம் செய்தார்கள். அதை வைத்துத் தேர்ந்தெடுத்த 314 பதின்வயதினரிடம் குழுச் சிகிச்சையைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பெண் பிள்ளைகளின் சோர்வு தெளிவாகக் குறைந்தது. ஆண் பிள்ளைகளிடம் அவ்வளவு தெளிவான மாற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அளவுகோல் அந்த மண்ணின் சொல்லில் இருந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

மனச்சோர்வுக்கு ஒரு மொழி மூன்று சொல் வைத்திருக்கிறது என்று படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடனே ஒரு தாளை எடுத்து நம் பிள்ளைகள் சொல்பவற்றை எழுதத் தொடங்கினேன். 'மனசு சரியில்லை.' 'ஒரு மாதிரி இருக்கிறது.' 'நெஞ்சு அடைக்கிறது.' 'தலை கனக்கிறது.' 'எதுவும் பிடிக்கவில்லை.' 'யோசனையாகவே இருக்கிறது.' கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசீசா' என்று ஒன்று உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அதுவே துன்பத்தின் பெயர், துன்பத்தின் காரணமும்கூட. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டின் பின்னிணைப்பில் இது இடம்பெற்றது. காம்போடிய மக்கள் சொல்லும் 'க்யால்' தாக்குதலும் அதே பட்டியலில் இருக்கிறது. உடம்புக்குள் காற்று மேலேறிக் கழுத்தையும் தலையையும் அடைப்பதாக உணரும் திகில் அது. அப்படி உணரும் ஒருவரிடம் 'பதற்றமாக இருக்கிறதா' என்று கேட்டால், கழுத்தைத் தொட்டுக்காட்டிவிட்டு 'இல்லை' என்றுதான் சொல்வார்.

இவ்வளவு சொன்னதால் பொதுவான படிவங்களே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. என்ற, பிள்ளைகளின் உணர்வையும் நடத்தையையும் பற்றிய 25 கேள்விப் படிவம் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் புழங்குகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளையின் குறைகளை மட்டும் கேட்காமல் அடுத்தவரிடம் அன்பாக நடந்துகொள்கிறதா, பகிர்ந்துகொள்கிறதா என்றும் ஐந்து கேள்விகள் கேட்பது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறதா என்ற கேள்வியும் உணர்வுப் பகுதியிலேயே இருக்கிறது. துயரத்தை உடம்பால் பேசும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி பெரிய வாசல். போர், பேரிடர் பார்த்த எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கு எட்டே கேள்விகள் கொண்ட 'க்ரைஸ்-8' இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் வேண்டாமென்றாலும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்ததா, அதை நினைக்காமல் இருக்க முயன்றாயா என்ற வகையில் கேட்கும். 17 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு முகாமில் இரண்டு ஊழியர்கள் ஒரு நாளில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்க இவைதான் உதவுகின்றன.

ஆனால் அந்த 17 எங்கும் ஒரே 17தானா? இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தாமஸ் ஆக்கன்பாக் உருவாக்கிய, பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் நிரப்பும் படிவத்தை 31 சமூகங்களில் ஒப்பிட்டபோது சராசரி மதிப்பெண்கள் இடத்துக்கு இடம் ஏறி இறங்கின. எனவே சமூகங்களைத் தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஓர் அளவு வைத்தார்கள். ஓரிடத்தில் கவலைக்குரிய எண் இன்னோரிடத்தில் சாதாரண எண். யாருடைய பிள்ளையை எந்தத் தொகுதியோடு ஒப்பிடுவது? ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் அகதியாகி, மூன்றாம் நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை?

இன்னொன்றும் உண்டு. படிவம் பிள்ளையை அளப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிரப்புகிறவரையும் அது அளந்துவிடுகிறது. ஜான் வைஸும் அவருடைய தாய்லாந்துச் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பயிற்சிக்கு வரும் இளம் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோருக்கும் சொல்வேன். தாய்லாந்து ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குக் கொடுத்த சிக்கல் மதிப்பெண், அமெரிக்க ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம். பிறகு பயிற்சி பெற்ற பார்வையாளர்களை இரு நாட்டு வகுப்பறைகளிலும் உட்கார வைத்து, நடப்பதை எண்ணச் சொன்னார்கள். தாய்லாந்துப் பிள்ளைகளிடம் கண்ட சிக்கல்கள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டவற்றில் ஏறக்குறைய பாதிதான். அமைதியை எதிர்பார்க்கும் ஆசிரியருக்குச் சின்னச் சலசலப்பும் பெரிதாகக் கேட்டிருக்கிறது. இதே கணக்கில், களைத்துப்போன தாய் நிரப்பும் படிவத்தில் தாயின் களைப்பும் கலந்திருக்கும். கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளையை ஒருவர் 'அடக்கமானவள்' என்பார். இன்னொருவர் 'எதையோ மறைக்கிறாள்' என்று எழுதுவார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன். ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக வயிற்றுவலி. இரத்தம், ஸ்கேன் எல்லாம் சரி. மருத்துவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் மூன்று மருத்துவமனைகளின் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் சோதித்து 2012இல் வெளியிட்ட, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.எஸ்.க்யூ. அது. ஆம், இல்லை என்ற விடைகள்தான். நான்கையும் கேட்க இருபது விநாடி போதும் என்கிறார்கள். சாக விரும்பினாயா, நீ இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்று தோன்றியதா, கடந்த வாரம் உயிரை விடும் எண்ணம் வந்ததா, எப்போதாவது முயன்றாயா. எதற்காவது 'ஆம்' வந்தால், இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா என்று ஐந்தாவது கேள்வி.

தந்தை வெளியே போக மறுத்தார். "நான் அவன் அப்பா. எனக்குத் தெரியாமல் என்ன கேட்கப் போகிறீர்கள்?" மருத்துவர் பொறுமையாக, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் தனியாகத்தான் கேட்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதவு சாத்தியது. என் கையில் இருந்த தமிழ்த் தாளில் 'தற்கொலை எண்ணங்கள்' என்று அச்சிட்டிருந்தது. முன்பு செய்த தவறு போதும் என்று, மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, என் சொல்லில் கேட்டேன். "இந்தச் சில வாரங்களில், செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டா தம்பி?"

அவன் கதவைப் பார்த்தான். நீண்ட நேரம். பிறகு, "ராத்திரி படுத்தால் காலையில் எழுந்திருக்கவே கூடாது என்று நினைப்பேன். அது கணக்கில் வருமா?" என்றான்.

அவன் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மருத்துவர் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்து, "வரும்" என்றார். அதை நான் மொழிபெயர்ப்பதற்குள்ளாகவே அவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டாருக்கு நீ பாரமா என்ற பொருளில் வந்த இரண்டாம் கேள்விக்கு அவன் அழத் தொடங்கினான். ஊரைவிட்டு வந்ததிலிருந்து எல்லாச் செலவும் தன்னால்தான் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அன்றிரவு அவனைத் தனியாக விடவில்லை. மறுநாள் காலை மனநல மருத்துவர் வந்தார். தந்தைக்கு எல்லாவற்றையும் பக்குவமாகச் சொல்லும் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் கேட்டதால் இப்படி நினைக்கத் தொடங்கியிருப்பானோ?"

இதை எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். உலகின் எந்த மொழியிலும் பெற்றோருக்கு இந்தப் பயம் உண்டு என்றே நினைக்கிறேன். மருத்துவர் சொன்ன விடையை இங்கேயும் எழுதுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களைக் கொண்டு மடலின் கூல்ட் குழு இதையே சோதித்து 2005இல் வெளியிட்டது. தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்கப்பெற்ற மாணவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களிடம், கேட்டதனால் வேதனை சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப் பற்றி இந்த ஐயம் இருந்தால் நேராகக் கேளுங்கள். கேட்டபின் பக்கத்திலேயே இருங்கள். உதவி கிடைக்கும் இடத்துக்கு அன்றே அழைத்துப் போங்கள்.

இனி நான் கோபப்படும் இடம். ஒரு முகாமில் நாங்கள் சில நாட்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு முடித்தோம். பட்டியல் தயாரானது. பெயர்களுக்கு எதிரே சிவப்புக் குறிகள். அதன்பிறகு யாரும் வரவில்லை. ஆலோசகர் என்று ஒருவர் வாரத்தில் அரை நாள் வந்தார். அதுவும் ஒரு மாதத்தோடு நின்றது. கெட்ட கனவு வருகிறதா என்று நான் கேட்டு, 'வருகிறது' என்று நம்பிச் சொன்ன பிள்ளைகள், அடுத்த முறை என்னைப் பார்த்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஒரு குழந்தையின் காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் போவது உதவியும் அல்ல, ஆய்வும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் எழுதிய பத்து நெறிகள் எல்லா நோய்களின் முன்கூட்டிய சோதனைக்கும் அடிப்படை. கண்டுபிடித்தபின் உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுத்தில் இருக்கும் ஒன்றை முகாமில் யாருக்கும் நினைவில்லை.

கணக்கையும் பாருங்கள். நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்குச் சிகிச்சை தேவை என்று வைத்துக்கொள்வோம். தேவையுள்ளவரில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், தேவையற்றவரில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்கும் ஒரு படிவம் நம்மிடம் இருக்கிறது. மோசமான படிவம் இல்லை. அது பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும். மீதித் தொண்ணூறு பேரில் 18 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கையில் 26 பெயர்கள், அவற்றில் உண்மையில் எட்டு. அந்த 26 பேரோடும் உட்கார்ந்து பேசி யார் யார் என்று பிரித்தறிய ஆள் இல்லையென்றால், 18 பேருக்கு வெறும் முத்திரைதான் மிச்சம். சில சமூகங்களில் அந்த முத்திரை ஒரு பெண் பிள்ளையின் பள்ளிப் படிப்பையே முடித்துவைத்துவிடும். நழுவிப்போன இரண்டு பேரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த இருவரில் ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

நேரமும் ஒரு விஷயம். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அந்தச் சிறுமியிடம் படிவத்தை நீட்டியதே தவறு. முதல் சில வாரங்களில் பிள்ளைகள் அழுவதும், தூங்காததும், ஒட்டிக்கொண்டே திரிவதும் பெரும்பாலும் தானாகத் தணியும். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, பேரிடருக்கு ஒரு மாதம் கழித்து, அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஸ்கிரீனிங் செய்வதைப் பற்றி யோசிக்கச் சொன்னது. அதுவரை? பேரிடர்களில் பணியாற்றும் அமைப்புகள் கூடி 2007இல் கொண்டுவந்த ஐ.ஏ.எஸ்.சி. வழிகாட்டி ஒரு கூம்பை வரைந்து காட்டுகிறது. அடித்தட்டில் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம். அடுத்த தட்டில் குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பது. நிபுணரின் சிகிச்சை உச்சியில், சிலருக்கு மட்டும். அந்தச் சிறுமிக்கு மூன்றாம் நாள் தேவைப்பட்டது தாயின் குரல். நாங்கள் உச்சியில் தொடங்கினோம்.

ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற கேள்வி மட்டும் ஒரு மாதம் காத்திருக்காது. அந்தப் பையனிடம் அன்றே கேட்டது சரி. எதை உடனே கேட்பது, எதற்குக் காத்திருப்பது என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். வெறும் குழாயைப் போல எங்களை வைத்துக்கொண்டால், குழாயின் ஓட்டை யாருக்கும் தெரியாமல் போகும்.

இப்போது எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு படிவத்தின் தமிழாக்கக் குழுவில் இருக்கிறேன். குழந்தை மருத்துவர் ஒருவர், ஆசிரியர்கள் இருவர், ஒரு தாய், நான். எதிர்மறைக் கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டோம். 'நீ' என்றே கேட்கிறோம். 'சில சமயம்', 'பல சமயம்' என்பதற்குப் பதிலாகக் கால் தம்ளர், அரை தம்ளர், முழுத் தம்ளர் என்று படம் வரைந்திருக்கிறோம். 'பதற்றம்' என்ற சொல்லுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. கடைசியில் 'நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா' என்பது நின்றது. ஓடி விளையாடிவிட்டு வந்தாலும் படபடக்குமே என்று அந்தத் தாய் கேட்டார். சரியான கேள்வி. 'சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்' என்று சேர்த்தோம்.

ஏழாவது கேள்வியில்தான் இன்னும் உடன்பாடு இல்லை. நான் எழுதிக் கொடுத்திருப்பது இது: 'யாரையாவது நினைத்து உனக்கு ஏக்கமாக இருக்கிறதா? யாரை?' முதல் பாதிக்கு எல்லோரும் சரி என்றார்கள். இரண்டாம் பாதிக்கு மதிப்பெண் கிடையாது. கூட்டலில் சேராத ஒன்றுக்கு எதற்கு இடம், எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். 'யாரை?' என்ற சொல்லுக்குக் கீழே, ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இரண்டு விரல் இடம் விட்டு அச்சிட்டாகிவிட்டது. திங்கட்கிழமை ஆறு பிள்ளைகளிடம் எடுத்துப் போகிறேன்.